நோர்வே மொழியில் எழுதியது, தமிழில் சொன்னது

நான் ஹைஸ்கூலில் படிக்கிறேன் என்று கிளிநொச்சியில் கொஞ்சக் காலம் ஒரு கதை உலாவியது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள், போதாக்குறைக்கு முழங்கால் வலி. பிழை என்னுடையதுதான். தொலைபேசியில் தங்கையிடம், "ஹொய்ஸ்கூலேயிலை இடம் கிடைச்சிருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். நோர்வேயில் அந்தச் சொல்லுக்குக் கல்லூரி என்று அர்த்தம். பல்கலைக்கழகம் அளவுக்குப் பெரிதில்லை. வேலைக்குப் போகிறவர்களும் பின்னேரத்தில் போய்ப் படிக்கலாம். காசுக்குத் தொலைபேசி பேசும் கொமினிக்கேசன் கடை இரைச்சலில் தங்கைக்கு அது ஹைஸ்கூல் என்று விழுந்திருக்கிறது. அவள் போய்த் தன் கணவரிடம் சொல்ல, வாத்தியாரான அவர், "உம்மடை அக்கா இந்த வயசிலை ஓ.எல். எடுக்கப் போறாவோ?" என்று கேட்டாராம். பதினாறு வயதுப் பிள்ளைகள் எடுக்கிற பரீட்சை அது. நான் அந்த மனிதரோடு இரண்டு கிழமை கோபமாக இருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

படித்தது சர்வதேசக் கற்கைகள். ஒரு வருடப் படிப்பு, கிழமையில் இரண்டு பின்னேரம். ஒஸ்லோவில் நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தேன். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் புருசெத்தில் இருந்த வீட்டுக்கு ஓடிவந்து, பிள்ளைகளுக்குச் சோறு கறியை மேசையில் வைத்துவிட்டு, திரும்பவும் தெ-பானே என்ற சுரங்க ரயிலைப் பிடித்து நகரத்துக்குப் போவேன். வகுப்பில் முப்பது பேர் வரை இருந்தோம். பாதிப்பேர் தூர தேசங்களுக்குப் போய் உலகத்தைத் திருத்த ஆசைப்பட்ட நோர்வே இளசுகள். மற்றப் பாதி, அந்தத் தூர தேசங்களிலிருந்து ஓடிவந்த எங்களைப் போன்றவர்கள். அந்த இளசுகள் எங்களை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். நாங்கள் அவர்களுடைய குறிப்புகளைப் பார்த்து எழுதுவோம்.

ஏன் படிக்கப் போனேன் என்றால், வேலையிடத்து மதியச் சாப்பாட்டு மேசையால்தான். அந்த வருடங்களில் எங்கள் நாட்டுச் சண்டையை நிறுத்தி வைத்துப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் நின்றது நோர்வே. தொலைக்காட்சியில் எங்கள் ஊர்ப் பெயர்களை நோர்வேக்காரர் தப்புத் தப்பாக உச்சரிப்பதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே, "உங்கள் நாட்டில் என்னதான் பிரச்சினை?" என்று கேட்பார்கள். நான் தொடங்கினால் அரை மணி நேர இடைவேளை முடியும்வரை நிறுத்த மாட்டேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தப் பழக வேண்டும் என்றுதான் விண்ணப்பம் போட்டேன். பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது.

ஆனால் ஊரில் என் மதிப்பு ஏறிவிட்டது. ஹைஸ்கூல் கதை திருத்தப்பட்ட பிறகு, நான் ஒஸ்லோவில் சமாதானத்தைப் பற்றியே படிக்கிறேன் என்று ஆயிற்று. பேச்சுவார்த்தை நடத்துகிறவர்களோடு நான் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிப்பது போலத் தங்கை கதைப்பாள். "நீங்கள் அங்கைதானே இருக்கிறியள், உங்களுக்குத் தெரியாதோ" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது, நானும் செய்தியில்தான் பார்க்கிறேன் என்று முதல் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. பெரிய ஆள் என்று ஒருத்தி நினைக்கும்போது அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மாதம் என்று நினைக்கிறேன், விரிவுரையாளர் ஒருநாள் பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். என்னைவிட எட்டு வயதாவது குறைந்த, மெலிந்த பெண்மணி. ஒரு சொல் ஃப்ரேட், சமாதானம். மற்றது வோப்பன்வீலே. ஆயுதம், ஓய்வு என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துச் செய்தது. நாங்கள் போர்நிறுத்தம் என்று சொல்வதை அவர்கள் ஆயுதம் இளைப்பாறுகிறது என்று சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. துவக்குக்கும் லீவு கிடைக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்களுக்குப் பரீட்சையில் புள்ளி குறைப்பேன் என்றார். நான் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

ஊரில் ஒருவரும் போர்நிறுத்தம் என்றும் சொல்லவில்லை, ஆயுத ஓய்வு என்றும் சொல்லவில்லை. சமாதான காலம் என்றார்கள். சமாதான காலத்தில் கட்டின வீடு, சமாதான காலத்தில் பிறந்த பிள்ளை, சமாதான காலத்து மா விலை. இஞ்சை புருசெத்திலும் அப்படித்தான். ஊருக்குப் போய்வரப் பெட்டி வாங்குகிறோம் என்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் எங்கள் சனம் அலைமோதியது. நிரந்தரமாகவே திரும்பிப் போகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு. நானும் வாயைத் திறந்தால் சமாதான காலம் என்றுதான் சொன்னேன். தமிழில் அதற்கு வேறு சொல் என் வாயில் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவள் என்று சொன்னேனே, அவள் பொஸ்னியாக்காரி. ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தாள், ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் நிலையம்வரை சேர்ந்து நடப்போம். அவள் ரயிலுக்குப் போவாள், நான் தெ-பானேக்கு. இருவருடைய நோர்வே மொழியும் நொண்டிதான், ஆனால் ஒருத்தி நொண்டுவது மற்றவளுக்கு நன்றாக விளங்கும். கார்த்திகையில் ஒருநாள் என் தங்கை கிளிநொச்சியில் கல்வீடு கட்ட அத்திவாரம் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் நடையை நிறுத்திவிட்டாள். "நாங்களும் ஜன்னலுக்குப் பெயின்ற் அடித்தோம்" என்றாள். "ஒருமுறை சண்டை நின்றபோது. உன் தங்கையை வெளியே வரச்சொல்." எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சனத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும், தன் ஊர்ச் சாபத்தை என் தங்கையின் வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறாளே என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்த வகுப்பில் வேறு கதிரை பார்த்து இருந்தேன். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மார்கழியில் வீட்டுப் பரீட்சை வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கேள்வியைக் கொடுப்பார்கள், திங்கட்கிழமை மதியம் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். விரும்பிய ஒரு பிணக்கை எடுத்து, அங்கே சமாதானம் நிலைக்குமா என்று ஆராய வேண்டும். நான் எங்களுடையதை எடுத்தேன். சனிக்கிழமை காலை கணவர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். குசினி மேசையில் புத்தகங்களைப் பரப்பி, மகனின் கணினியில் ஒற்றை விரலால் தட்டினேன். விரிவுரையாளரின் மிரட்டல் காதிலேயே இருந்தது. அதனால் மிகக் கவனமாக எழுதினேன். இது சமாதானம் இல்லை, ஆயுத ஓய்வு மட்டும்தான். முக்கியமான கேள்விகள் எல்லாம் பேசப்படாமல் தள்ளிவைக்கப்பட்டுள்ளன. இரு தரப்பும் இந்த இடைவேளையில் தங்களைப் பலப்படுத்துகின்றன. பேச்சு முறிந்தால் முதலில் அகப்படப்போவது கிளிநொச்சி உள்ளிட்ட வன்னியில் வாழும் பொதுமக்கள். இந்தக் கடைசி வசனத்தை எழுதிவிட்டு, இலக்கணம் சரியா என்று அகராதி பார்த்தேன். சரியாக இருந்தது.

பதினொரு மணிக்குத் தங்கைக்கு எடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அங்கே பின்னேரம் நான்கு மணிக்கு அவள் கொமினிக்கேசன் கடையில் வந்து நிற்பாள். நான் தொலைபேசி அட்டையின் நீள இலக்கத்தைச் சுரண்டி எடுத்து அழைப்பேன். அன்று எடுத்ததும் அவள் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, இவருக்கு இடமாற்றம் வந்திருக்கு. வவுனியாவுக்கு. தையிலை போய்ப் பொறுப்பெடுக்கோணும். விருப்பமில்லையெண்டால் வாற கிழமைக்குள்ளை கடிதம் குடுத்து நிப்பாட்டலாமாம்."

"அவர் என்ன சொல்லுறார்?"

"அவர் போவம் எண்டுறார். பிள்ளைக்கு அங்கை நல்ல பள்ளிக்கூடம் இருக்கு எண்டுறார். எனக்கெண்டால் வீட்டை அரைகுறையிலை விட்டிட்டுப் போக மனமில்லை. சுவர் இப்பத்தான் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கு. நீங்கள் சொல்லுங்கோ, இந்தச் சமாதானம் நிக்குமோ? நீங்கள் அதைத்தானே படிக்கிறியள்."

வவுனியா அதிக தூரமில்லை, ஆனால் சண்டை திரும்பி வந்தால் சண்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி. இருவருக்கும் அது தெரியும். அவள் கேட்டது அதைத்தான். என் முன்னால் கணினித் திரையில் நான் எழுதிய வசனம் அப்படியே இருந்தது.

"நிக்கும்" என்றேன். "முழு உலகமும் பாத்துக்கொண்டிருக்கு. இனி ஆர் சண்டை பிடிக்கப் போயினம்? நீ பயப்பிடாமல் வீட்டைக் கட்டு."

"அப்ப நிப்பம் எண்டுறியளோ?"

"ஓம், நில்லுங்கோ. ஆடியிலை நாங்களும் வருவம். வீட்டுக்குள்ளை வந்துதான் படுப்பம்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு பிள்ளையின் பரீட்சைப் புள்ளி, மழை, பக்கத்து வீட்டு மாடு என்று கதைத்தோம். அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கட்டுரையைத் தொடர்ந்தேன். ஒரு நெருடல்கூட வரவில்லை. இதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியாமல் இருக்கிறது.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மேசையில் எழுதிக்கொண்டிருந்தவள் புள்ளிக்கு எழுதுகிற மாணவி. அவள் எழுதியது எங்கோ இருக்கிற ஒரு நாட்டைப் பற்றி. தொலைபேசியில் கதைத்தவள் அக்கா. அக்காவுக்குத் தங்கை பயப்படுவது பொறுக்காது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. பதினான்கு வருடமாக ஊருக்குப் போகாமல் இருந்தவள் நான், போய் இறங்க ஒரு இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வவுனியாவில் வாடகை அறைக்குள் போய் இறங்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் உற்சாகமாக இருந்தாள். "நேற்றுத்தான் இவர் கடிதத்தைக் குடுத்தவர், மாற்றம் வேண்டாம் எண்டு. அக்காவே சொல்லிப்போட்டா, இனி என்ன எண்டு சொன்னவர்" என்றாள். என்னை ஓ.எல். என்று பகிடி பண்ணிய மனிதர் என் சொல்லை மதித்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

கட்டுரைக்கு பி கிடைத்தது. ஏ-க்கு அடுத்த தரம், மொழி தெரியாத எனக்கு அது பெரிய காரியம். நிதானமான, உணர்ச்சிவசப்படாத பார்வை என்று விரிவுரையாளர் கீழே எழுதியிருந்தார். தங்கையிடம் சொன்னேன். அவள் ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். கட்டுரையில் என்ன எழுதினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆடியில் சொன்னபடியே போனோம். வீடு முடிந்திருந்தது, பூச்சு மட்டும் பாக்கி. தங்கையின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாள் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவள், மூன்றாம் நாள் என் பாயில் வந்து படுத்துக்கொண்டாள். "பெரியம்மா, நோர்வேயிலை ஒண்டு, ரெண்டுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு கயிறு அடிக்கும்போது ஏன், தூ, த்ரே என்று எண்ணிக்கொண்டே துள்ளுவாள். ஏழுக்கு வந்ததும் வாய் கோணிச் சிரிப்பு வந்து கால் சிக்கிவிடும். நோர்வே மொழியில் ஏழு சொல்வது எங்களுக்கே கஷ்டம். ஏழைத் தாண்டி அவள் போனதை நான் பார்க்கவில்லை. என்னை மாதிரிப் படிக்கப்போகிறேன் என்றாள். நான் அவள் தலையைத் தடவி, "படி, படி" என்றேன்.

அந்த மூன்று கிழமையும் நான் சந்தோசமாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தவை ஊருக்கே தெரியும். இரண்டு வருடம் கழித்துச் சண்டை திரும்பவும் தொடங்கி, வன்னிக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. கொமினிக்கேசன் கடைக்கு எடுத்தால் மணி அடிக்கும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பிறகு மணியும் அடிக்கவில்லை. வீட்டை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று ஒரு கடிதம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு இடமாகப் பின்னால் போய்க் கடைசியில் கடற்கரை ஓரத்தில் இருக்கிறார்கள் என்று ஆரோ சொன்னார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி நோர்வேப் பாராளுமன்றத்துக்கு முன்னால் பனியில் நின்றது. நானும் வேலை முடிந்து போய் நின்றேன். ஒருநாள் கூட்டத்துக்குள் அந்தப் பொஸ்னியாக்காரி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளைக் கண்டு வருடங்களாகியிருந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று சொல்வாள், சொல்லட்டும், எனக்கு அது வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றி என் கையில் தந்தாள். நான் அழுதேன்.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. வேலையில் ஒரு கிழவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தங்கை கணவரின் ஒன்றுவிட்ட தம்பி லண்டனிலிருந்து எடுத்தார். பிள்ளை போய்விட்டாள் என்றார். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிறார்கள், தகப்பனுக்குக் காலில் காயம். பதினாறு வயது அவளுக்கு. நான் கிழவருக்குத் தலையை வாரி முடித்து, அவரைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, துணி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய கட்டுரையைக் கணினியில் தேடி எடுத்தேன். ஆறு பக்கம். வாசித்தேன். ஒரு வரிகூடப் பிழையில்லை.  எனக்குத் தெரியாது என்று என்னை நானே தேற்றவும் வழியில்லை. தெரியும் என்று எழுதிக் கொடுத்துப் புள்ளி வாங்கியிருக்கிறேன். கணவர் தோளில் கை வைத்து, "நீர் சொல்லாட்டிலும் அவையள் நிண்டிருப்பினம்" என்றார். கையைத் தட்டிவிட்டேன். அந்த மனிதர் பாவம், வேறு என்ன சொல்வார்.

சண்டை முடிந்ததும் தங்கையையும் அவள் கணவரையும் முள்வேலி முகாமில் வைத்திருந்தார்கள். அது வவுனியாவில்தான் இருந்தது. போகமாட்டோம் என்று கடிதம் கொடுத்த இடத்துக்கே, பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். வருடக் கடைசியில் வெளியே விட்டார்கள். உறவினர் வீடு ஒன்றிலிருந்து அவள் எடுத்தாள். என்னால் குரலை அடையாளம் காண முடியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். அவள் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், எந்தச் சட்டை போட்டிருந்தாள் என்று சொன்னாள், எங்கே வைத்தோம் என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குத் தாங்கவில்லை.

"நான்தானே நில்லுங்கோ எண்டு சொன்னனான்" என்றேன். "அண்டைக்கு நீங்கள் வவுனியாவுக்குப் போயிருந்தால் பிள்ளை இருந்திருப்பாள். என்னாலைதான்."

 

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள் அக்கா" என்றாள். "உங்களைக் கேட்டோ நாங்கள் நிண்டனாங்கள்? உங்களோடை கதைக்கிறதுக்கு முதல் கிழமையே அவர் கடிதத்தைக் குடுத்திட்டார். சும்மா, உங்கடை வாயாலையும் ஒருக்கால் கேப்பம் எண்டு கேட்டனான். அவ்வளவுதான்."

கடிதம் எப்போது கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கடைசிச் சொல்லை அவசரமாக விழுங்குவாள். அன்றைக்கும் விழுங்கினாள். பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், எனக்காக ஒரு பொய்யைத் தேடிப்பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இல்லை, அப்படி இல்லை, நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"ஓம்" என்றேன். "அப்பிடியோ."

"ஓம் அக்கா" என்றாள். "நீங்கள் அதை யோசியாதேங்கோ."

அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.